காந்தத் தாது தேடும் வேலை: ஜியாலஜி கேட்கும் மகளின் அப்பாவுக்கு

கேள்வி: மகள் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவள். நல்ல மதிப்பெண். கஞ்சமலையில் இரும்புத் தாது இருப்பதைப் பற்றிப் படித்ததிலிருந்து "ஜியாலஜிதான் எடுப்பேன்" என்று பிடிவாதம். கம்ப்யூட்டர் படிப்பை விட்டுவிட்டு மலையில் கல் பொறுக்கப் போவதா? வேலை கிடைக்குமா? பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா? – சேலம் வாசகர்

ஐயா, முதலில் ஒரு கணக்கைத் தள்ளிவிடுங்கள். கஞ்சமலையில் என்றாவது சுரங்கம் திறக்கும், மகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே வேலை அமையும் என்று எண்ணி இந்தப் படிப்பில் சேர்க்க வேண்டாம். சேலம், தருமபுரி, திருவண்ணாமலை வட்டாரத்தில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது இருப்பது புதுச் செய்தி இல்லை. சேலம் உருக்காலைக்கான பேச்சு தொடங்கியபோதே இந்தத் தாதுவைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். கடைசியில் அந்த ஆலை 1981-ல் எஃகுத் தகடு உருட்டும் ஆலையாகத்தான் ஓடத் தொடங்கியது. திருவண்ணாமலையின் கவுத்திமலை, வேடியப்பன்மலையில் காடும் ஊரும் குறுக்கே நின்றன. கர்நாடகத்தின் குதிரேமுக்கில் பெரிய மேக்னடைட் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது; உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2005 முடிவில் அதுவும் நின்றது. நாட்டில் இந்தத் தாது ஆயிரம் கோடி டன்னுக்கு மேல் இருக்கிறது, பெரும்பங்கு கர்நாடகத்தில். ஆனால் அதில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் கிடக்கிறது.

பிறகு ஏன் படிக்க வேண்டும்? தாது தேடும் தொழிலில் பார்க்கும் இடங்களில் மிகப் பெரும்பாலானவை சுரங்கம் ஆகாது. "இங்கே இவ்வளவுதான் இருக்கிறது, இதற்கு மேல் பணம் போடாதே" என்று ஆதாரத்தோடு சொல்வதற்கும் சம்பளம் உண்டு. மேக்னடைட்டில் கை பழகியவருக்குச் செம்பு, தங்கம், நிக்கல், அருமண் (ரேர் எர்த்) கனிமங்கள் தேடும் வேலையும் திறந்திருக்கும். கருவியும் முறையும் பெரும்பாலும் அவையேதான். மகள் ஒரு மலையை நம்பிப் போகவில்லை, ஒரு தொழில்நுட்பத்தைக் கற்கப் போகிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"கல் பொறுக்குவது" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை என்னவென்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். மகளையும் கூட உட்கார வைத்துப் படியுங்கள். இதைப் படிக்கும்போது அவளுக்கு ஆர்வம் கூடுகிறதா, சலிக்கிறதா என்பது எந்தத் திறனறித் தேர்வையும் விட நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

சுத்தமான மேக்னடைட்டில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு. நம் பக்கத்துப் பாறையில் அது குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கல்லோடு பட்டை பட்டையாகக் கலந்திருப்பதால் மொத்தத்தில் 35 முதல் 40 பங்குதான் தேறும். தேடல், ஏற்கெனவே இருக்கும் நிலவியல் வரைபடத்திலும் விமானத்தில் பறந்து எடுத்த காந்த அளவீட்டிலும் தொடங்கும். அடுத்து மலையேறி, பாறைப் பட்டை எந்தத் திசையில் நீள்கிறது, எத்தனை பாகை சாய்கிறது என்று குறிக்க வேண்டும். புதியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். காந்தப் பாறைமேல் நின்றால் காம்பஸ் முள் வடக்கைக் காட்டாது, பாறை இழுக்கும் பக்கம் திரும்பும். அப்படி எடுத்த திசைகளை வைத்து வரைந்த வரைபடத்தில் நேரான பட்டை மடிந்து மடிந்து ஓடுவதுபோல் தெரியும். அதனால் சூரிய நிழலை வைத்தோ, ஜிபிஎஸ்ஸில் இரண்டு புள்ளி எடுத்தோ திசையைக் கணக்கிடுவார்கள்.

அடுத்தது தரைக் காந்த அளவீடு. பாறைப் பட்டை நீளும் திசைக்குக் குறுக்காக 50 அல்லது 100 மீட்டருக்கு ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டிலும் 10, 20 மீட்டருக்கு ஓர் அளவு, பட்டைக்கு அருகில் வந்ததும் 5 மீட்டருக்கு ஒன்று. காந்தப் புலத்தை அளக்கும் கருவியான மேக்னடோமீட்டரின் உணரியை இரண்டு மூன்று மீட்டர் உயரக் கழியில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நடப்பவரிடம் செல்போன், பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து எதுவும் இருக்கக் கூடாது. ஜீப்பைத் தள்ளி நிறுத்த வேண்டும். மின்கம்பிக்குக் கீழே எடுத்த அளவு குப்பைக்குத்தான். நம் பகுதியில் பூமியின் காந்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு). பட்டைமேல் அது ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும். மாற்றம் மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தில் புரோட்டான் வகைக் கருவி திணறி, அர்த்தமில்லாத எண்ணைக் காட்டும். அப்போது உணரியை இன்னும் உயர்த்திப் பிடிக்க வேண்டும்.

தென்னிந்தியாவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகில் போவதால் இங்கே காந்தப் புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக ஓடுகிறது. வெளிநாட்டுப் பாடநூல்களில் தாதுவுக்கு நேர் மேலே காந்த அளவுகளின் வரைகோடு மலைபோல் எழும். இங்கே கிழக்கு மேற்காகக் கிடக்கும் பட்டைக்கு மேலே அது பள்ளமாக இறங்கும், மேடு இரு பக்கமும் தெரியும். வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பட்டையென்றால் நடுவில் பெரிதாக ஒன்றும் தெரியாது, நுனிகளில் மட்டும் அசைவு இருக்கும். இதை அறியாதவர் மேட்டைப் பார்த்துத் துளை போட்டு, வெறும் பாறையைத் தோண்டிவிட்டு வருவார். அதோடு, காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் நண்பகலை ஒட்டிப் புலம் நூறு நானோடெஸ்லா வரைகூடத் தானாக ஏறி இறங்கும். அதைக் கழிக்க இன்னொரு கருவியை ஒரே இடத்தில் நிறுத்தி நாள் முழுக்கப் பதிவு செய்ய வேண்டும். நில இயற்பியல் (ஜியோபிசிக்ஸ்) படித்தவரின் தேவை இங்கேதான் வருகிறது. காந்தம் காட்டுவதெல்லாம் தாதுவும் இல்லை. தருமபுரிப் பக்கத்தில் மற்றப் பாறைக்குள் சுவர்போல் நிற்கும் டோலரைட் என்னும் கரும்பாறையும் கருவியை அசைக்கும்.

கடைசியில் துளையிடல். வைர முனையால் பாறையை உருளையாக அறுத்து எடுப்பார்கள். வழக்கமான அளவில் அந்த உருளை 47.6 மில்லிமீட்டர் தடிமன். அதைப் பெட்டியில் ஆழ வரிசையில் அடுக்கி, எழுதி, நீளவாக்கில் பாதியாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறு பாதியைச் சான்றாக வைத்திருப்பார்கள். மாதிரிகளுக்கு நடுவே தெரிந்த அளவுள்ள மாதிரியையும் இரட்டை மாதிரியையும் ஒளித்து அனுப்புவது வழக்கம். ஆய்வகத்தை அப்படித்தான் சோதிக்க முடியும். துளை ஆழத்தில் எந்தப் பக்கம் வளைந்தது என்று பார்க்கக் காந்தக் கருவி இங்கே உதவாது, காந்தத்தை நம்பாமல் திசை காட்டும் ஜைரோ கருவிதான் வேண்டும்.

கணக்கில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். பட்டை 60 பாகை சாய்ந்திருக்கிறது. மேலிருந்து நேராகப் போட்ட துளை 40 மீட்டர் தாதுவைக் கடந்தது. உண்மைத் தடிமன் 40 இல்லை, அதில் பாதி, 20 மீட்டர். நீளம் 1,000 மீட்டர், சாய்வின் போக்கிலேயே அளந்த ஆழம் 100 மீட்டர், அடர்த்தி கன மீட்டருக்கு 3.4 டன் என்றால் 68 லட்சம் டன். சாய்வைக் கவனிக்காதவர் 136 லட்சம் என்று எழுதிவிடுவார். பிளஸ் டூ முக்கோணவியல்தான், ஆனால் அந்த ஒரு வரியை நம்பித்தான் கோடிக்கணக்கில் பணம் போடுகிறார்கள்.

டன் கணக்கோடும் முடியாது. இரும்பு முழுக்க மேக்னடைட்டில் இருக்க வேண்டும் என்றில்லை. சிலிகேட் கனிமத்துக்குள் மாட்டிய இரும்பைக் காந்தம் இழுக்காது. மேற்பரப்புக்கு அருகே மேக்னடைட்டே காலப்போக்கில், காந்தம் அவ்வளவாக இழுக்காத ஹெமடைட்டாக மாறியிருக்கும். அதனால் மாதிரியை மாவாக அரைத்து, டேவிஸ் குழாய் என்ற கருவியில் நீரும் காந்தமும் வைத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். 35 சதவீதத் தாது 100 டன்னிலிருந்து, 66 சதவீதத் தூள் 40 டன் கிடைத்தால் கையில் வரும் இரும்பு 26.4 டன். மிச்சம் 8.6 டன் கழிவோடு போகும். அந்த 60 டன் கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வியில்தான் பல திட்டங்கள் விழுந்திருக்கின்றன.

இனிப் படிப்பு. பி.எஸ்சி. ஜியாலஜி மூன்றாண்டு மட்டும் போதாது, எம்.எஸ்சி. இல்லாமல் நல்ல பதவிகள் திறக்காது. ஆக ஐந்தாண்டு என்று இப்போதே மனதில் வையுங்கள். சேலம் அரசு கலைக் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் ஜியாலஜி உண்டு. பெரியார் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு நிலவியலில் எம்.எஸ்சி. இருக்கிறது. முடிந்தால் பி.எஸ்சி. இறுதியாண்டில், ஐஐடி எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி ஐஐடி பாம்பே, கரக்பூர், ரூர்க்கி, தன்பாத் ஐஎஸ்எம் இவற்றில் ஒன்றுக்குப் போகட்டும். துணைப் பாடமாகக் கணிதமும் இயற்பியலும் கிடைக்கும் கல்லூரியாகப் பாருங்கள். நில இயற்பியல் பக்கம் திரும்ப அந்த வழி அடைபடக் கூடாது. கணிதத்தில் அவள் மிகக் கெட்டி என்றால், பி.எஸ்சி. இயற்பியல் படித்து எம்.எஸ்சி.யில் நில இயற்பியலுக்கு மாறுவதுதான் எங்கள் பார்வையில் நல்ல வழி. மேலே சொன்ன மேடு பள்ளச் சிக்கலை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அரசு வேலைக்குப் பெரிய வாசல் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த நிலவியலாளர் தேர்வு. முதல்நிலைக்கு 400 மதிப்பெண், முதன்மைக்கு 600, நேர்முகத்துக்கு 200. தேர்வானால் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கலாம். இடங்கள் குறைவு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரே தேர்வை நம்பி வருடக்கணக்கில் வீட்டில் உட்கார விடாதீர்கள். அதோடு டி.என்.பி.எஸ்.சி. உதவி நிலவியலாளர் பணி, கேட் (GATE) தேர்வு மதிப்பெண் கேட்கும் பொதுத்துறை நிறுவனங்கள், தனியார் ஆய்வு நிறுவனங்கள் என்று நான்கு பக்கமும் விண்ணப்பிக்க வேண்டும். தனியாரில் தொடக்கச் சம்பளம் கம்ப்யூட்டர் துறையோடு போட்டி போடாது. கனிம விலை விழும் ஆண்டுகளில் முதலில் வெட்டு விழுவதும் ஆய்வுச் செலவில்தான். இதை மறைத்துச் சொல்ல மாட்டோம்.

பெண் பிள்ளை என்ற தயக்கத்துக்கு: அரசு ஆய்வுத் துறையில் பெண்கள் ஃபீல்டுக்குப் போய் வருகிறார்கள். 2019-ல் நிலத்தடிச் சுரங்கத்திலும் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பகல் நேரத்தில் பெண்கள் வேலை செய்ய அனுமதி வந்தது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது: முகாமில் கழிப்பறை வசதி, மாதக்கணக்கில் வெளியூர், செல்போன் சிக்னல் இல்லாத காடு. தனியாரில் சேரும்போது தங்குமிடம், வாகனம், கூட வரும் குழு பற்றி எழுத்தில் கேட்டு வாங்குவது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். ஃபீல்டு ஒத்துவராமல் போனாலும் துளையில் எடுத்த பாறை உருளையைப் பதிவு செய்தல், முப்பரிமாண மாதிரி வரைதல், காந்தத் தரவு ஆய்வு ஆகியவை பெரும்பாலும் கூரைக்குக் கீழே செய்யும் வேலைகள்தான். ஆனால் ஃபீல்டு தெரியாதவர் அதில் வெகுதூரம் போக முடியாது.

கல்லூரியில் சேர்க்கும் முன் துறைத் தலைவரிடம் நேரில் கேளுங்கள்: மூன்றாண்டில் மொத்தம் எத்தனை நாள் ஃபீல்டு? பாறையை நுண்ணோக்கியில் பார்க்க எத்தனை மாணவருக்கு ஒரு கருவி? மேக்னடோமீட்டர் இருக்கிறதா, மாணவர் கையில் கொடுக்கிறார்களா, அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்களா? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரிக்குப் போங்கள். விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முன் இரண்டு மூன்று இடமாவது பார்த்துவிடலாம்.