ஏலத்தில் சாமி வாங்கலாமா?

கேள்வி: தமிழாசிரியையாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். எங்கள் அப்பா வீட்டுப் பூஜை அறையில் ரவி வர்மா அச்சகத்துச் சரஸ்வதி படம் ஒன்று இருந்தது. சேலைக்குச் சரிகை ஒட்டிய படம். பின்பக்க அட்டையில் நாங்கள் ஐந்து பேரும் பிறந்த தேதியை அப்பா பென்சிலால் எழுதி வைத்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன் வீட்டைப் பாகம் பிரித்தபோது படங்களை மொத்தமாகப் பழைய சாமான் வியாபாரிக்குப் போட்டுவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. இப்போது மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஓர் இணைய ஏலத்தில் அதே மாதிரி சரஸ்வதி படம் வந்திருக்கிறது. இன்னொன்றில் பழைய தஞ்சாவூர்க் கிருஷ்ணர். வெளிநாட்டு ஏலம் ஒன்றில் ஒன்றரை அடி வெண்கல அம்மன். 'தென்னிந்தியா, ஐரோப்பியர் ஒருவரின் சேகரிப்பு' என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. யாரோ கும்பிட்ட சாமியை விலைக்கு வாங்கி வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார் கணவர். நல்ல முதலீடு, எனக்கும் ஒன்று வாங்கி அனுப்புங்கள் என்கிறான் சிங்கப்பூரில் இருக்கும் மகன். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த அம்மனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஏலம் கேட்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் கணவரின் மனசில் படுவது இந்த ஒரு விஷயத்தில் மிகச் சரி.

ஒன்றரை அடி உயர வெண்கலம் என்பது பெரும்பாலும் வீட்டுப் பூஜைக்கு வார்த்ததல்ல. வீட்டு விக்கிரகங்கள் விரல் நீளம், சாண் உயரம் என்று சிறியதாக இருக்கும். தவழும் கிருஷ்ணர், அன்னபூரணி, பிள்ளையார் இப்படி. ஏலப் படத்தைப் பெரிதாக்கி அம்மனின் பீடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் துளைகளோ வளையங்களோ இருந்தால், அவை வீதியுலாவின்போது தண்டில் கோத்துக் கட்டுவதற்கானவை. பின்னால் பிரபை, அதாவது ஒளிவளையம், செருகும் இடம் இருக்கலாம். மூக்கும் கண்ணும் மழுங்கியிருந்தால், தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் செய்து துடைத்த தேய்மானம் அது. அப்படிப்பட்டது ஏதோ ஓர் ஊரின் உற்சவ மூர்த்தி. அந்த ஊரில் யாரும் அவளை விற்றிருக்க முடியாது, ஏனென்றால் விற்கும் உரிமை அங்கே எந்த மனிதருக்கும் இல்லை. கல் சிற்பத்துக்கும் இதே கதைதான். பின்பக்கம் ரம்பம் ஓடிய தடம், கணுக்காலோடு உடைந்த பாதம் என்று இருந்தால் அது சுவரிலிருந்தோ மாடத்திலிருந்தோ பெயர்த்தது.

திருவாரூர் பக்கம் பத்தூர் என்றொரு கிராமம். 1976-இல் கூலித் தொழிலாளி ஒருவர் மண் தோண்டும்போது ஒரு நடராஜர் கிடைத்தார். கை மாறிக் கை மாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 1982-இல் இரண்டரை லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. பொய்யான பூர்வீகக் கதையை நம்பித்தான் வாங்கியது. சுத்தம் செய்யக் கொடுத்திருந்த இடத்தில் லண்டன் போலீஸ் சிலையைக் கைப்பற்றியது. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. கோயிலையே ஒரு வழக்காடியாக லண்டன் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இடிந்து கிடந்த ஒரு சிவன் கோயில் கடல் கடந்து போய் 'அது என்னுடையது' என்று சொல்லி ஜெயித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. 1991-இல் நடராஜர் திரும்பி வந்தார். வாங்கிய நிறுவனம் சிலையையும் இழந்தது, வழக்குக்குச் செலவழித்த பணத்தையும் இழந்தது.

பத்தூராவது மண்ணுக்குள் இருந்தது. மயிலாடுதுறை மாவட்டம் அனந்தமங்கலத்தில் ராமர், சீதை, லட்சுமணர் சிலைகள் 1978-இல் கோயிலிலிருந்தே திருடு போயின. 42 வருடம் கழித்து 2020-இல் லண்டனிலிருந்து திரும்பின. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958-இல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களோடு ஒப்பிட்டுத்தான் அடையாளம் கண்டார்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடமே 2008-இல் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, 2014-இல் திருப்பிக் கொடுத்தது. நிபுணர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த அரசு நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், 'ஐரோப்பியர் ஒருவரின் சேகரிப்பு' என்ற ஒற்றை வரியை நம்பி நீங்கள் என்ன செய்ய முடியும்? எந்த வருடம், யார், எந்த ரசீதோடு இந்தியாவிலிருந்து கொண்டுபோனார் என்று அந்த வரி சொல்லவில்லையே.

வெண்கல விக்கிரகம் வேண்டுமென்ற ஆசை உண்மையென்றால் சுவாமிமலைக்குப் போங்கள். மெழுகில் உரு செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். ஸ்தபதியிடம் சொல்லி உங்கள் பெயருக்கு ஓர் அம்மனை வார்த்து வாங்குங்கள். அவளை உங்களுக்கு முன் யாரும் இழந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது தஞ்சாவூர்க் கிருஷ்ணர். இதில் எனக்குச் சொந்தமாகவே ஒரு காயம் உண்டு. பல வருடம் முன்பு ஓர் ஏலத்தில் 'பத்தொன்பதாம் நூற்றாண்டு' என்று போட்டிருந்த வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணரைப் படத்தை மட்டும் பார்த்துக் கேட்டு எடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரேமைக் கழற்றினால் உள்ளே பிளைவுட். மேலே புகை காட்டிப் பழசாக்கியிருந்தார்கள். 'உள்ளது உள்ளபடி' என்று விதிமுறையில் அச்சடித்திருந்ததால் பணம் திரும்பவில்லை. என் மனைவியின் வளையலை வைத்து எடுத்த பணம் அது.

பழைய தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றுதான் பெயர். பலா மரப் பலகை, அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய துணி, அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு, பசை குழைத்து மேடு எழுப்பிய மக்கு வேலை, தங்க ரேக்கு, கண்ணாடிக் கல் அல்லது கெம்பு. மராட்டிய மன்னர்கள் காலத்தில், அதிலும் இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798 முதல் 1832 வரையான ஆண்டுகளில் தழைத்த கலை. அதனால் ஏலக்காரரிடம் முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள். பலகையின் இணைப்பு, ஆணி, பூச்சி அரித்த துளை எல்லாம் தெரிய வேண்டும். பழைய தங்கம் கண்ணைப் பறிக்காது. மங்கிய பழுப்போடு அமைதியாக இருக்கும். மக்கு விரிந்து மயிரிழை வெடிப்பு ஓடியிருக்கும். வெடிப்பே இல்லாத 'நூற்றைம்பது வருடப் படம்' என்றால் சந்தேகப்படுங்கள். பின்னாளில் யாராவது மேலே வண்ணம் தீட்டியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். முகத்தில் புது வண்ணம் ஏறியிருந்தால் அது பழைய ஓவியரின் முகம் இல்லை. ஏலம் கேட்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கித் தஞ்சாவூர் போய், சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்திலும் அரண்மனைக் கலைக்கூடத்திலும் நின்று பாருங்கள். திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம்தானே. அசலைப் பார்த்த கண்ணுக்குப் போலி உறுத்தும்.

சட்டத்தையும் மகனிடம் சொல்லிவிடுங்கள். தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-இல் இயற்றி 1976-இல் அமலுக்கு வந்தது. நூறு வருடம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விற்பவருக்கு உரிமம் வேண்டும். பழைய ஓவியத்தையும் சிலையையும் வைத்திருப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். புகைப்படத்தோடு பதிவுச் சான்றிதழ் இருக்கும். வாங்கினால் பெயர் மாற்றத்தைப் பதிவு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே சான்றிதழ் நகலைக் காட்டச் சொல்லுங்கள். 'அதெல்லாம் பிறகு பார்க்கலாம்' என்ற பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சிங்கப்பூருக்குப் பழைய கிருஷ்ணர் போக முடியாது. இன்றைய ஓவியர் கையால் செய்த புதுப் படம் தாராளமாகப் போகலாம்.

இனி உங்கள் சரஸ்வதி. உங்கள் கடிதத்தில் மனசு நிற்பது இங்கேதான் என்று எனக்குத் தெரிகிறது. என் மனசும் இங்கேதான்.

இந்தப் படங்களை எளிதாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவே மாட்டேன். ரவி வர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கியபோது, எல்லோரும் எல்லாக் கோயிலுக்குள்ளும் போகக்கூடிய காலம் இல்லை. தெய்வத்தின் முகத்தை அருகில் பார்க்கும் பாக்கியம் சிலருக்கே. சில அணாவுக்குக் கிடைத்த காகிதப் படம் அந்த முகத்தை எந்த வீட்டுச் சுவருக்கும் கொண்டுவந்தது. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜுவும் சிவகாசி அச்சகங்களும் பின்னால் செய்தது அதன் தொடர்ச்சிதான். உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: இந்தப் படம் எந்தக் கோயிலிலிருந்தும் பெயர்த்து வந்ததல்ல. கடையில் விற்க அச்சடித்து, ஒரு குடும்பம் வாங்கி, ஒரு குடும்பம் கும்பிட்டது. அது இன்னொரு வீட்டுக்குப் போய் மறுபடி விளக்கு காண்பதில் யாருக்கும் குறைவில்லை.

ஆனால் ஏமாறவும் இங்கேதான் வழி அதிகம். ரவி வர்மா 1906-இல் காலமானார். அதற்கு முன்பே அச்சகத்தை ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியருக்கு விற்றுவிட்டார். லோனாவ்லா அருகே இயங்கிய அந்த அச்சகம் அவருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அச்சடித்தது. எனவே 'ரவி வர்மா படம்' என்றாலே அவர் காலத்துப் படம் ஆகிவிடாது. கீழ் ஓரத்தைப் பாருங்கள். அச்சகத்தின் பெயரும் ஊரும் அங்கேதான் இருக்கும். பிரேமுக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தை வெட்டியெறிந்த படங்கள் ஏராளம். ஓரம் வெட்டியிருந்தால் விலை குறைய வேண்டும். அது ஏலக்காரருக்கும் தெரியும், கேட்டால் ஒப்புக்கொள்வார்.

நூறு ரூபாய்ச் சங்கதி ஒன்று: கடிகாரம் பழுதுபார்ப்பவரும் நகைக்கடைக்காரரும் வைத்திருப்பது போன்ற உருப்பெருக்கி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சரஸ்வதியின் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பழைய கல் அச்சு என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். புள்ளிகள் மணல் தூவியது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். ஒரே வரிசையில் குட்டிக் குட்டிப் பூக்கள் போலப் புள்ளிகள் நின்றால் அது ஆப்செட் அச்சு, பிற்காலத்து மறுபதிப்பு. நேரில் போக முடியாவிட்டால் கன்னத்தை நெருக்கமாக எடுத்த புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். பர்மா தேக்குப் பிரேமைக் கண்டு மயங்காதீர்கள். பழைய பிரேமுக்குள் புதுப் படத்தைச் செருகுவது நாள்தோறும் நடக்கிறது. சரிகை ஒட்டியதில் நூலும் ஜிகினாவும் கறுத்திருக்க வேண்டும். பளபளவென்று இருந்தால் அண்மையில் ஒட்டியது.

ஏலத்தில் கடைசி விலை என்று தட்டுவதோடு செலவு முடியாது. 50,000 ரூபாய்க்குத் தட்டினால், வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்றால் அதுவே 10,000. அதன்மேல் ஜிஎஸ்டி, பொதி கட்டும் கூலி, லாரிச் செலவு. மொத்தத்தைக் கணக்குப் போட்டு, உங்கள் உச்சவரம்பை ஒரு காகிதத்தில் எழுதிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். முதலீடு என்று மகன் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். விற்கும்போது விலை கேட்பவர் வேறு ஆள், அவர் குறை மட்டுமே சொல்வார். மூன்று லட்சத்தையும் ஒரே ஏலத்தில் இறக்காதீர்கள். படங்களில் தொடங்குங்கள். பலகைப் படத்துக்கு ஒரு வருடம் போகட்டும்.

வீட்டுக்கு வந்த படத்தை லேமினேட் செய்ய யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பின்னால் இருக்கும் பழைய மரப்பலகை காகிதத்தைப் பழுப்பாக்கும். எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் சிறு இடைவெளி விடச் சொல்லுங்கள். குங்குமம் கண்ணாடிமேல் இருக்கட்டும். விளக்கையும் கற்பூரத்தையும் நான்கு அடி தள்ளி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏலச் சரஸ்வதிக்குக் கை தூக்குவதற்கு முன், ஆறு வருடத்துக்கு முன் வந்த அந்தப் பழைய சாமான் வியாபாரியைத் தேடிப் போய்க் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. திருச்சி வட்டாரத்துச் சாமி படங்களில் பல காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போய்ச் சேருவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல படங்கள் வருடக்கணக்கில் சுவரோடு சாய்ந்து கிடக்கும். கடைக்காரர்கள் அட்டையை மாற்றுவது அபூர்வம். ஒரு சனிக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சரிகைச் சேலைச் சரஸ்வதி எது கண்ணில் பட்டாலும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து தேதிகள், அப்பாவின் பென்சில் எழுத்து.