முகமுகமாய்: தொழில்நுட்பமும் விசுவாசமும் – கேள்வி பதில்

தொலைபேசி நிலையத்தில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிறவன். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறார்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்: வேதத்தில் கணினியும் இல்லை, செல்போனும் இல்லை. அவற்றில் ஆவிக்குரிய அர்த்தம் தேடுவது வலிந்து பொருள் கொள்வது ஆகாதா?

செல்போன் இல்லைதான் மகளே. ஆனால் தொழில்நுட்பம் நிறையவே இருக்கிறது. ஆதியாகமம் 11-ஐத் திறந்துகொள். பாபேலில் "கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லும், சாந்துக்குப் பதிலாக நிலக்கீலும்" இருந்தது என்று எழுதியிருக்கிறது. கல் கிடைக்காத சமவெளியில் மண்ணைச் சுட்டுக் கல்லாக்கியது பெரிய சாமர்த்தியம். அதை வைத்துக் கோபுரம் கட்டித் தங்களுக்குப் பேர் உண்டாக்கப் பார்த்தார்கள்.

இப்போது யாத்திராகமம் 2:3-க்கு வா. மூன்று மாதக் குழந்தையை இனி ஒளித்துவைக்க முடியாது என்ற நிலையில் ஒரு தாய் நாணற்பெட்டி ஒன்றை எடுத்து, அதற்குப் பிசினும் கீலும் பூசுகிறாள். எபிரெய மூலத்தில் பாபேலின் நிலக்கீலுக்கும் இங்கே 'பிசின்' என்று மொழிபெயர்த்திருப்பதற்கும் ஒரே சொல்தான்: ஹேமார். கோபுரத்துச் செங்கல்லை ஒட்டிய அதே கரிய பசைதான் மோசேயின் பெட்டிக்குள் ஆற்றுநீர் புகாமல் அடைத்தது. அதைப் பூசி முடித்த பிறகு அந்தத் தாயின் நகக்கண்களில் எத்தனை நாள் கறுப்பு ஒட்டியிருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கருவியைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்: இது கோபுரத்துக்குப் பூசிய கீலா, குழந்தைக்குப் பூசிய கீலா? வலிந்து பொருள் கொள்ளவே வேண்டாம். வேதமே இரண்டையும் எடுத்து நம் முன்னால் வைத்திருக்கிறது.

வாலிபர் சங்கச் செயலாளர், தூத்துக்குடி: பரிசுத்த ஆவியானவர் வைஃபை மாதிரி, கண்ணுக்குத் தெரியாது ஆனால் எங்கும் உண்டு என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். சரியா?

வேண்டாம் தம்பி. வைஃபை எங்கும் இல்லை. இரண்டு சுவர் தாண்டினால் தேய்ந்துவிடும். அது கிடக்கட்டும். ஆவியானவர் ஆள்தத்துவம் உள்ளவர், துக்கப்படுகிறவர், பேசுகிறவர். அவரை நாம் இணைத்துப் பயன்படுத்தும் சக்தியாகச் சின்னப் பிள்ளைகள் மனதில் பதியவைத்தால், பணம் கொடுத்து அந்த வல்லமையை வாங்கப் பார்த்த சீமோனின் இடத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம் (அப்போஸ்தலர் 8). ஜெபத்துக்கு டவர் கிடைக்கவில்லை என்ற உவமையையும் விட்டுவிடுங்கள். தானியேல் ஜெபித்த வார்த்தைகள் முதல் நாளிலேயே கேட்கப்பட்டன (தானியேல் 10). பதில்தான் பிறகு வந்தது.

குடும்பத் தலைவி, நாகர்கோவில்: கடைச் சாமான்களில் இருக்கும் பார்கோடில் 666 ஒளிந்திருக்கிறது என்று ஒரு செய்தி வந்தது. உண்மையா?

இல்லை அம்மா. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு படியுங்கள். தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் இரண்டிரண்டு மெல்லிய கோடுகள் தெரியும். வலப்பாதியில் 6 என்ற எண்ணுக்கும் இரண்டு மெல்லிய கோடுகள்தான். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் மூன்று ஆறுகள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆனால் 6 என்ற எண் ஏழு அலகு அகலம் கொண்டது. இரண்டு கோடுகளுக்குப் பின் நான்கு அலகு வெள்ளை இடமும் அதில் சேர்த்தி. ஓரக் கோடுகள் மூன்று அலகுதான். அவை எந்த எண்ணையும் குறிப்பதில்லை. இங்கே தொடக்கம், இங்கே முடிவு, ஒரு அலகு இவ்வளவு அகலம் என்று படிக்கும் கருவிக்குச் சொல்வதற்காக இருக்கின்றன. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டைத்தான் முதலில் இப்படிப் படித்தார்கள்.

வெளிப்படுத்தல் 13-ல், மிருகத்தின் எண் 666 என்று சொல்லும் 18-ஆம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். 15-லிருந்து படியுங்கள். மிருகத்தின் சொரூபத்தை வணங்குவதும் முத்திரையும் அங்கே சேர்ந்தே வருகின்றன. யாரை வணங்குகிறோம் என்பதுதான் அந்த அதிகாரத்தின் கேள்வி. வசனத்தை முன்னும் பின்னும் படியுங்கள்.

அரசு ஊழியர், திருச்சி: ஆதார் எண் மிருகத்தின் முத்திரையா?

மேலே உள்ள பதிலைப் பாருங்கள். ஆதார் வாங்கும்போது யாரையும் வணங்கும்படி உங்களிடம் கேட்கவில்லை.

ஆசிரியர், மயிலாடுதுறை: கருவிகளில் தேவனுடைய கையைப் பார்த்தவர்கள் வரலாற்றில் யாராவது உண்டா?

உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சிட்டபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் நூல் முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாறு பக்கம் காகிதப் பட்டறையும் வைத்தார்கள்.

என் துறைக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1825 பிப்ரவரியில் ஓர் ஓவியர் வாஷிங்டனில் படம் வரைந்துகொண்டிருந்தார். ஊரில் மனைவி இறந்த செய்தி கடிதத்தில் வந்து, அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. அவர் சாமுவேல் மோர்ஸ். 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அடித்தபோது அவர் அனுப்பிய வாசகம் எண்ணாகமம் 23:23-ல் உள்ள "தேவன் என்னென்ன செய்தார்" என்பது. ஆனி எல்ஸ்வொர்த் என்ற இளம்பெண் எடுத்துக் கொடுத்த வசனம் அது. இஸ்ரவேலைச் சபிப்பதற்குக் கூலி பேசி அழைத்துவரப்பட்ட பிலேயாமின் வாயிலிருந்து வந்த ஆசீர்வாதம். அந்தத் தந்திக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் எனக்குத் தோன்றவில்லை.

மென்பொருள் பணியாளர், சென்னை: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பிரசங்கம் தயாரிக்கலாமா?

ஒத்துவாக்கியம் தேடலாம், எழுத்துப்பிழை பார்க்கலாம். பிரசங்கம் என்பது சபையை அறிந்தவர் முழங்காலில் நின்று பெற்றுக்கொண்டு வருவது. எந்த வீட்டில் இந்த வாரம் சாவு விழுந்தது என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

ஆனால் கணினியை வெறுக்காதீர்கள். இத்தாலிய இயேசு சபைக் குரு ரொபர்த்தோ பூசா, இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாசின் எழுத்துகளில் 'பிரசன்னம்' என்ற கருத்தை ஆராயப் புகுந்தார். அதற்கு 'இன்' என்ற சின்னஞ்சிறு லத்தீன் சொல்லையே தேட வேண்டியதாயிற்று. 10,000 அட்டைகளைக் கையால் எழுதினார். 1949-ல் ஐபிஎம் தலைவர் வாட்சனைச் சந்தித்து உதவி கேட்டார். சுமார் 30 ஆண்டு உழைப்பில், எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும், ஒரு கோடிச் சொற்களுக்கு மேல் கொண்ட சொல்லடைவு 56 தொகுதிகளாக வந்தது. தேவன் நமக்குள் இருக்கிறார் என்பதில் வரும் அந்த 'உள்' என்ற ஓர் உருபுக்காக ஒருவர் தம் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்.

வாசகர், பாளையங்கோட்டை: ஊரடங்கின்போது வீட்டில் அப்பமும் திராட்சரசமும் வைத்துக்கொண்டு, போனில் போதகர் ஜெபிக்கத் திருவிருந்து எடுத்தோம். படுத்த படுக்கையாய் இருக்கும் என் அம்மா இன்றும் அப்படித்தான் எடுக்கிறார்கள். போனை எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைப்பேன். இது செல்லுமா?

ஊரடங்கில் செய்ததற்காக மனம் கலங்க வேண்டாம். அந்தப் பசியைக் கர்த்தர் பார்த்தார். ஆனால் இன்றும் அப்படியே தொடர வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். இணையத்தில் திருவிருந்து போன்ற அருட்சாதனங்கள் இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை 2002-லேயே சொல்லிவிட்டது. நான் கத்தோலிக்கன் இல்லை; இதில் அவர்களோடு நிற்கிறேன். ஓர் அப்பத்தில் பங்குபெறுகிறோம் என்கிறார் பவுல். உங்கள் வீட்டு ரொட்டியும் அங்கே பிட்ட ரொட்டியும் வேறு வேறு.

அவரே மீண்டும்: பவுல் நிருபம் அனுப்பியே சபைகளை நடத்தினாரே ஐயா? நிருபம் செல்லும் என்றால் போன் ஏன் செல்லாது? நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரனை இயேசு தூரத்திலிருந்தே குணமாக்கவில்லையா?

நல்ல கேள்வி. கர்த்தருக்குத் தூரம் கிடையாது. தூரம் நமக்குத்தான். அதனால்தான் அவர் மாம்சமானார். நிருபம் எழுதியவர்களே என்ன சொல்கிறார்கள் பாருங்கள். 2 யோவான் 13 வசனமே கொண்ட நிருபம். அதில் 12-ஆம் வசனம்: "காகிதத்தினாலும் மையினாலும் அவைகளை எழுத எனக்கு மனதில்லை", வந்து "முகமுகமாய்ப்" பேச நம்பியிருக்கிறேன் என்கிறார். அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் காகிதமும் மையும். அதைக் கையில் வைத்துக்கொண்டே, இது போதாது என்று எழுதுகிறார்.

டிரங்க் கால் காலத்தில் நான் இரவுப் பணியில் இருந்தேன். வெளிநாட்டில் இருந்த மகனோடு பேச ஒரு தாய் மாலையிலிருந்து காத்திருந்தார். நள்ளிரவில் இணைப்புக் கிடைத்தது. மூன்று நிமிடமும் இருவரும் அழுதார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பி சரியாகத்தான் வேலை செய்தது. கம்பியால் அவ்வளவுதான் முடியும்.

பக்தர், கோவை: கையில் பொருத்தும் சிப் 666-தானா?

மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது. முன்னும் பின்னும் படியுங்கள். இந்தச் செய்திகளைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம் என்று எழுதியிருந்தால் அங்கேயே அழித்துவிடுங்கள்.

வாசகி, மதுரை: எந்த வேதாகமச் செயலி நல்லது?

உங்கள் சபை வாலிபரைக் கேளுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: எங்கள் சேகரத்தில் ஒரே போதகர், பல சபைகள். அவரால் வர முடியாது. அம்மா என்னதான் செய்வார்கள்?

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கி.பி. 155 அளவில் ரோமில் எழுதிய ஆதிசபை எழுத்தாளர் யுஸ்தீன், ஆராதனைக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தை எடுத்துச் சென்றார்கள் என்கிறார். தொலைவுக்கு ஆதிசபை கண்ட வழி நடந்து போவதுதான். சபைக் கமிட்டியில் எழுத்தில் கேளுங்கள்: படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல், மாதத்தில் ஒரு நாள், போதகருக்கு ஓர் ஆட்டோ. வாடகையை வாலிபர் சங்கம் ஏற்கட்டும். மற்ற ஞாயிறுகளில் போனை டம்ளரில் சாய்த்து வையுங்கள். பாட்டும் பிரசங்கமும் அம்மா கேட்கட்டும். போதகர் வரும் நாளை மட்டும் முந்தின இரவே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். தலை சீவி, வெள்ளைச் சேலை கட்டிக்கொள்ள அவர்களுக்கு நேரம் வேண்டும்.