காசிக்குப் போய் வரும்போது மூட்டைப்பூச்சி கூடவே வராமல் இருக்க

கேள்வி: அடுத்த மாதம் மாமனார், மாமியார், இரண்டு குழந்தைகளோடு காசி, பிரயாக்ராஜ், கயா போகிறோம். போக வர ஸ்லீப்பர் கோச். அங்கே சில நாள் சத்திரம், சில நாள் லாட்ஜ். முன்பு ஒருமுறை யாத்திரை போய் வந்த பிறகு வீட்டில் மூட்டைப்பூச்சி புகுந்து, கடைசியில் மெத்தையையே மாற்றும்படி ஆகிவிட்டது. இந்தத் தடவை எப்படித் தவிர்ப்பது? ரயிலுக்கென்றே மாமியார் ஒரு கம்பளி வைத்திருக்கிறார், அதை விட்டுவிட்டு வரமாட்டார். அதை என்ன செய்வது?
வாசகி, தென்காசி

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூட்டைப்பூச்சி பேன் மாதிரி உடம்பில் தங்காது. ஐந்து பத்து நிமிஷம் ரத்தம் குடித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் இருட்டு இடுக்குக்குப் போய்விடும். அந்த இடுக்கு உங்கள் பையின் தையல் ஓரமாக இருந்தால், பையோடு தென்காசிக்கு வந்து இறங்கும். ஆகவே பயணம் முழுக்கக் காவல் காக்க வேண்டியது பையைத்தான். பைக்குள் முக்கியமாக, உடுத்திக் களைந்த அழுக்குத் துணியை.

அழுக்குத் துணியை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துவைத்த துணி இருந்த பைகளையும் உடுத்திய துணி இருந்த பைகளையும் ஒரே அறையில் வைத்து, நடுவில் மூட்டைப்பூச்சிகளை விட்டுப் பார்த்தார்கள். உடுத்திய துணிப் பைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பூச்சிகள் சேர்ந்திருந்தன. துணியில் ஒட்டியிருக்கும் மனித வாடைதான் இழுக்கிறது. யாத்திரையில் நாம் என்ன செய்கிறோம்? கங்கையில் குளித்துவிட்டு வந்து, களைந்த துணியை ஒரு துணிப்பையில் திணித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறோம். ராத்திரி கட்டிலிலிருந்து இறங்கும் பூச்சிக்கு முதலில் கிடைப்பது அதுதான்.

இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பெட்ஷீட், கம்பளி வாங்கும்போது ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் உறை வருமே, எல்லார் வீட்டு பீரோ மேலும் நாலைந்து கிடக்கும். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜிப் முடியும் மூலையில் சின்ன இடைவெளி இருக்கும், சில உறைகளில் காற்றுப் போக ஓட்டையும் இருக்கும். அவற்றை உள்பக்கமும் வெளிப்பக்கமும் செல்லோடேப் போட்டு அடைத்துவிடுங்கள். களைந்த துணி நேராக அதற்குள் போக வேண்டும், உடனே ஜிப்பை மூட வேண்டும். பெரிய பைகளுக்குக் கனமான குப்பைக் கவர் போதும். பையை உள்ளே வைத்து வாயை முறுக்கி, மடித்து, ரப்பர் பேண்ட் போடுங்கள்.

அறைக்குப் போனதும் யாரும் பையைக் கட்டிலில் வைக்கக் கூடாது. குழந்தைகளையும் உடனே கட்டிலில் ஏற விடாதீர்கள். பைகளைக் குளியலறையில் வைத்துவிட்டு, கைபேசி டார்ச்சோடு பத்து நிமிஷம் பாருங்கள். விரிப்பின் மூலையை உருவிவிட்டு, மெத்தை ஓரத்தில் கயிறு மாதிரி ஓடும் தையலை விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். பால்பாயின்ட் பேனா முனையை வைத்து எடுத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் அது பூச்சியின் எச்சம். ஈரத் துணியால் தேய்த்தால் செம்பழுப்பாக இழுக்கும், வெறும் அழுக்கு அப்படி இழுக்காது. வெளிறிய மஞ்சளில் உரித்த தோல், ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஒட்டிய வெள்ளை முட்டை, இவையும் அடையாளம். வளர்ந்த பூச்சி ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் இருக்கும், தட்டையாக, பழுப்பாக. அதன் பிறகு கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் நடுவில், மரக்கட்டிலின் பொருத்துகளில், ஸ்க்ரூ ஓட்டைகளில் பாருங்கள். பெரும்பாலும் தலைமாட்டுப் பக்கம்தான் அதிகம் இருக்கும், நம் மூச்சுக்காற்றும் சூடும் அங்கேதானே.

பூச்சி இருந்தால் வேறு அறை கேளுங்கள். ஒட்டிய அறையோ நேர் மேலே, கீழே உள்ள அறையோ வேண்டாம். சுவர் விரிசல், வயர் போகும் குழாய் வழியாக அவை நடந்து போகும். கூட்ட நாளில் வேறு அறை கிடைக்கவில்லை என்றால், பைகளை எல்லாம் கவருக்குள் கட்டியே வைத்து இரவைக் கழியுங்கள். விளக்கைப் போட்டு வைத்தால் வராது என்பார்கள். பசித்த பூச்சி வெளிச்சத்திலும் வரும்.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு, "குளியலறை வழுவழுப்பு, அங்கே ஏறாது" என்று சிலர் நம்பியிருக்கிறார்கள். குளிர் நாடுகளில் இருப்பது ஒரு இனம், நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பெருவாரியாக இருப்பது இன்னொரு இனம். நம்முடையதன் கால்களில் பிடிமான மயிர்கள் அதிகம், வழுவழுப்பான பரப்பிலும் அது நன்றாக ஏறும் என்று 2017-இல் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். குளியலறையில் வைப்பது படுக்கையிலிருந்து தூரமாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். பையை மூடி வைப்பதுதான் காப்பு.

ரயிலிலும் இதே முறைதான். பெர்த்தின் ரெக்சின் தையலையும், சுவரோடு சேரும் இடுக்கையும் ஏறியதும் பார்த்துவிடுங்கள். பூச்சி தெரிந்தால் ரயில்வே உதவி எண் 139-இல் அல்லது ரயில்வேயின் ரயில்மதத் (RailMadad) செயலியில் கோச் எண், பெர்த் எண்ணோடு புகார் கொடுக்கலாம். தலைக்கு வைக்கும் ஊதுபலூன் தலையணை, குழந்தையின் பொம்மை, கைப்பை, இவற்றைப் பார்க்கவும் மூடி வைக்கவும்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

எவ்வளவு பார்த்தாலும் ஒன்றிரண்டு தப்பி வரலாம். கருவுற்ற ஒரு பெண் பூச்சி போதும், வீடு நிறைந்துவிடும். திரும்பி வந்த அன்று செய்யும் வேலைதான் எல்லாவற்றிலும் பெரியது. அலுப்பில் பையை ஹாலில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மொட்டைமாடியிலோ வாசலிலோ வைத்தே பிரியுங்கள். துணிகளை 60 டிகிரி தண்ணீரில் அரை மணி நேரம் முழுக்கி வையுங்கள். கீசர் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வராவிட்டால், அடுப்பில் கொதிக்க வைத்ததையும் கலந்து, ஆவி பறக்கும் சூட்டில் கம்பால் அமுக்கிவிடுங்கள். கைபடக் கூடாது, குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. பச்சைத் தண்ணீரில் சோப்புப் போட்டு அலசினால் முட்டை தப்பிவிடும். பட்டுப்புடவையை உள்பக்கம் வெளியே திருப்பி, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு இஸ்திரி போடுங்கள். கரை மடிப்பில் நிதானமாக. அல்லது பிளாஸ்டிக் கவரில் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரை போகும் ஃப்ரீசரில் நாலைந்து நாள் வைக்கலாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அவ்வளவு குளிராது.

ட்ராலிப் பையை வெயிலில் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். மேல்பக்கம் சுடும்போது பூச்சி அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். பை முழுக்க 50 டிகிரி தாண்டிச் சூடேற வேண்டும், மார்கழி வெயிலில் அது நடக்காது. தையல், ஜிப், சக்கரம் பதியும் குழி, இந்த இடங்களில் துணிக்கு நீராவி போடும் ஸ்டீமரை மெதுவாக, ஒரு இடத்தில் சில நொடி நிறுத்தி ஓட்டுங்கள். அப்புறம் கவருக்குள் கட்டி, படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

கரப்பான் ஸ்ப்ரே வேண்டாம். அதில் இருக்கும் மருந்துக்கு மூட்டைப்பூச்சி பெரும்பாலும் பழகிவிட்டது, சிதறி அடுத்த அறைக்குப் போவதுதான் மிச்சம். பாச்சா உருண்டைக்கும் சாகாது. நெல், தானியக் கிடங்குக்கு வைக்கும் மாத்திரையை வீட்டில் வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அதில் இருக்கும் அலுமினியம் பாஸ்பைடு ஈரக்காற்று பட்டால் விஷவாயுவை வெளிவிடும். அடுத்த அறையில் தூங்கும் குழந்தையையும் கொல்லும். மூட்டைப்பூச்சி கடித்தால் அரிக்கும், தூக்கம் கெடும். அது மனிதருக்கு நோய் பரப்புவதாக இதுவரை உறுதியாகவில்லை. அதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

முட்டை பொரிக்க ஆறு முதல் பத்து நாள் ஆகும். அதனால் ஊர் திரும்பிய இரண்டு வாரத்தில் ஒருமுறை, அடுத்த இரண்டு வாரத்தில் இன்னொருமுறை வீட்டு மெத்தைத் தையலை டார்ச் அடித்துப் பாருங்கள். தடிப்பு வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கடித்தாலும் சிலருக்குத் தடிப்பே வராது, சிலருக்கு நாள் கழித்து வரும். ஒரு பூச்சி கண்ணில் பட்டால் அன்றைக்கே பூச்சி ஒழிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள், மெத்தையைத் தூக்கி எறிய அவசியம் இருக்காது.

மாமியாரின் கம்பளி விஷயம். ராத்திரி முழுக்க பெர்த்தோடு ஒட்டிக் கிடப்பது அதுதான் என்பதால் ஆபத்து அதிகம். ஒரு கெட்டியான பருத்திப் போர்வையைக் கொடுத்துப் பாருங்கள், வந்ததும் வெந்நீரில் போட்டுவிடலாம். கம்பளிதான் வேண்டும் என்றால் சரி, எடுத்துப் போகட்டும். பகலில் மடித்ததும் ஜிப் உறைக்குள் போய்விட வேண்டும். கம்பளி வெந்நீரில் சுருங்கும், அதனால் திரும்பி வந்ததும் உறையைப் பிரிக்காமலே, ட்ரையர் வைத்திருக்கும் லாண்டரிக்குக் கொண்டுபோய், நனைக்காமல் அரை மணி நேரம் சூட்டில் ஓட்டித் தரச் சொல்லுங்கள். அந்தச் சூட்டை அது தாங்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.