பியர்ட் இல்லாத றஷ்

கேள்வி: கனடாவின் றஷ் இசைக்குழுவை 1989 இலிருந்து கேட்டு வருபவன் நான். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் கொடுத்தனுப்பிய கசெற்றில் தொடங்கிய பைத்தியம். ட்ரம்ஸ் வாசித்த நீல் பியர்ட் இறந்துபோன பிறகு றஷ் முடிந்துவிட்டது என்றுதான் மற்ற இருவரும் பேசி வந்தார்கள். இப்போது 72 வயதில், வேறொருவரை அவருடைய இடத்தில் இருத்திவிட்டு, அதே பெயரில் 2026 இல் மேடையேறப் போகிறார்களாம். பாடகர் கெடி லீயின் குரலும் பழையபடி இல்லை. ரிக்கெற் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இது காசுக்காகச் செய்யும் துரோகம் அல்லவா? போகட்டுமா என்று அண்ணன் கேட்டார், போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?
(வாசகர் ஒருவர், கொக்குவில்)

பதில்: சரியில்லை. விலை பற்றிய கோபத்தைத் தவிர வேறெதிலும் உங்களோடு என்னால் நிற்க முடியவில்லை. முதலில் அந்த ‘துரோகம்’ என்ற சொல். நம் ஊரில் அந்தச் சொல் என்னவெல்லாம் செய்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பாட்டுக் கச்சேரிக்காக அதை எடுத்து ஒருவர்மேல் போடாதீர்கள்.

அப்புறம், யாருக்குத் துரோகம்? பியர்ட்டுக்கா? 1997 ஓகஸ்டில் அவருடைய 19 வயது மகள் வீதி விபத்தில் இறந்தாள். ஏறத்தாழ பத்து மாதத்தில் மனைவியும் புற்றுநோயில் போய்விட்டார். இனி என்னை ஓய்வு பெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று மகளின் இறுதிச் சடங்கிலேயே நண்பர்களிடம் சொன்னவர், பிறகு மோட்டார் சைக்கிளில் ஏறி ஏறத்தாழ 88,000 கிலோமீற்றர் அலைந்தார். கெடி லீயும் கிற்றார் வாசிக்கிற அலெக்ஸ் லைஃப்சனும் அந்த வருடங்களில் வேறொருவரை வைத்து றஷ்ஷை ஓட்டியிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் வராத ட்ரம்ஸ்காரர் இருந்திருப்பாரா? அவர்கள் கூப்பிடவில்லை. காத்திருந்தார்கள். 2002 இல் பியர்ட்டோடுதான் திரும்ப மேடையேறினார்கள்.

2015 இலும் அப்படித்தான். இன்னும் கொஞ்சக் காலம் வாசிக்க மற்ற இருவருக்கும் ஆசை இருந்தது. பியர்ட்டின் உடம்பு இடம் தரவில்லை, சரி என்று நிறுத்தினார்கள். அந்த ஓகஸ்ட் 1 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் நடந்த கடைசிக் கச்சேரியின் முடிவில், வழக்கமாகத் தன் ட்ரம்ஸைத் தாண்டி முன்னுக்கு வராத மனிதர் எழுந்து வந்து இருவரையும் அணைத்து நின்றார். அடுத்த வருடம் அவருக்கு மூளையில் புற்றுநோய் என்று தெரிய வந்தது. மூன்றரை வருடம் அவர் கேட்டுக்கொண்டபடி அதை வெளியில் மூச்சுவிடாமல் காத்தவர்களும் இவர்கள்தான். 2020 ஜனவரி 7 இல் அவர் காலமானார். இந்தப் பயணத்துக்குப் பியர்ட் பிறகு மணந்த மனைவியும் அவர்களுடைய மகளும் வெளிப்படையாகவே ஆதரவு தெரிவித்திருக்கிறார்கள். அவர்களைவிட நீங்களும் நானும் அவருக்கு உரித்தானவர்களா?

பெயரை மாற்றியிருக்கலாமே என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். றஷ் 1968 இல் தொடங்கியது. 1974 இல் வந்த முதல் இசைத்தட்டில் ட்ரம்ஸ் வாசித்தவர் ஜோன் ரட்சி. அந்த வருடம் யூலை மாதக் கடைசியில்தான் பியர்ட் உள்ளே வந்தார். வேறொருவர் இருந்த இடத்துக்கு வந்தவர்தான் நீங்கள் கும்பிடும் பியர்ட்டும். வந்தவர் அந்தக் குழுவின் பாட்டு வரிகளையே தன் கையில் எடுத்து எழுதி அதை இன்னொரு உயரத்துக்குக் கொண்டுபோனார் என்பது உண்மை. அவரைப் போல இன்னொருவர் வரப்போவதில்லை என்பதும் உண்மை. இப்போது வருகிற அனிகா நில்லஸ் ஜெர்மனிக்காரர், 2022 இல் கிற்றார் மேதை ஜெஃப் பெக்கோடு மேடையேறியவர். அவர் வாசிக்கக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்கள் கொக்குவில்காரர். இணுவில் உங்களுக்குக் கூப்பிடு தூரம். தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975 இல் மறைந்தபோது அவருக்கு நாற்பதைக் கொஞ்சம் தாண்டிய வயதுதான். அவருக்குப் பிறகு நம் கோயில்களில் தவில் ஓய்ந்ததா? அவருடைய அடி இனி வராது என்று சொல்லிக் கண் கலங்கிய பெரியவர்கள்தான் அடுத்த திருவிழாவில் முன்வரிசையில் இருந்து விடிய விடிய மேளச்சமா பார்த்தார்கள். புதிதாக வந்த பெடியன் தீர்மானம் வைக்கிறபோது தலையாட்டினார்கள். அதை யாரும் துரோகம் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தத் தலையாட்டலுக்குள் இறந்தவரும் இருந்தார் என்று நான் நம்புகிறேன்.

குரலுக்கு வருகிறேன். கெடி லீயின் அந்த உச்சக் குரல் இப்போது இல்லை. இருபதுகளில் பாடியதை எழுபதுகளில் ஒரு மனிதத் தொண்டையிடம் கேட்பது நியாயமில்லை. அதுவும் அவர் பாடிக்கொண்டே பேஸ் கிற்றார் வாசித்து, காலால் கீபோர்ட் பெடலையும் மிதிக்கிறவர். உங்களுக்கு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 1990 இற்குப் பிறகு போர்க்காலத்தில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயரைக் கொழுவி, பெடலைக் கையால் சுற்றித்தானே கசெற் கேட்டோம். சுற்றுகிறவரின் கை களைத்தால் பாட்டு இழுபடும், பாடகரின் குரல் கீழே கீழே இறங்கிப்போகும். அப்போது ‘இது பழைய குரல் இல்லை’ என்று யாரும் எழுந்து போகவில்லை. ஆளை மாற்றி, அடுத்தவர் சுற்றினார், பாட்டு தொடர்ந்தது. அப்படிக் கேட்ட தலைமுறைக்காரர் நீங்கள். இன்று ஒரு முதியவர் தன் சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பாடினால் அது உங்களுக்குக் குற்றமாகிவிட்டதா?

விலை விடயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம், இன்னும் சத்தமாகவே சொல்லுங்கள். 2024 ஓகஸ்டில் இங்கிலாந்தின் ஒயாசிஸ் குழு திரும்பி வருவதாக அறிவித்து ரிக்கெற் விற்றபோது, ஏறத்தாழ 150 பவுண் என்று சொன்ன நின்று பார்க்கும் ரிக்கெற், மணிக்கணக்காக வரிசையில் காத்திருந்தவர்கள் உள்ளே போய்ச் சேர்வதற்குள் 350 பவுணைத் தாண்டியிருந்தது. குறைந்த விலை ரிக்கெற் விற்றுத் தீர்ந்ததும் மிச்சத்தைக் கூடிய விலைக்கு விற்கிற முறை அது. பிரித்தானிய அரசின் போட்டிச் சந்தை அதிகாரசபையே விசாரணை தொடங்கியது. எந்தக் குழுவாக இருந்தாலும், தம்மை வளர்த்துவிட்ட ரசிகரின் அன்பை இப்படி ஏலம் விட இடம் கொடுத்தால் அதற்கு அந்தக் கலைஞர்களும் பொறுப்பு. முகாமையாளர் பார்த்துக்கொண்டார், எங்களுக்குத் தெரியாது என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். ஆனால் விலைமேல் வந்த கோபத்தைக் கொண்டுபோய் அவர்களுடைய நட்பின்மேல் கொட்டுவது வேறு விடயம்.

கடைசியாக அண்ணனின் விடயம். கெடி லீயின் தாயும் தகப்பனும் நாசி வதைமுகாம்களில் உயிர் தப்பிக் கனடா போனவர்கள். மகனின் ‘கெரி’ என்ற பெயர் தாயின் போலந்து உச்சரிப்பில் ‘கெடி’ ஆனது, அதையே அவர் தன் பெயராக வைத்துக்கொண்டார். லைஃப்சனின் பெற்றோர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்கள். ஊரைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள் இருவர் ரொறன்ரோவில் கண்டெடுத்த பாட்டை, ஊரைவிட்டுப் போன உங்கள் அண்ணன் கேட்டு, அங்கிருந்து யாரோ ஒருவரின் கையில் கொக்குவிலுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இப்போது அந்தப் பாட்டு அவருடைய நகரத்துக்கே திரும்பி வருகிறது. கையில் காசு இருந்தால் போகட்டும். இன்றிரவே அவருக்கு ஃபோன் எடுத்து, நான் சொன்னது பிழை, போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள் அண்ணா என்று கேளுங்கள்.