ஆடு முட்டிய இடத்தில் நின்றுபோனவர்களுக்கு: பழைய சாகசக் கணினி விளையாட்டுகள், கேள்வி பதில்

கேள்விகள் அனுப்பிய எல்லோருக்கும் வணக்கம். சில பதில்களில் புதிர்களின் விடையும் வந்துவிடுகிறது. விளையாடாதவர்கள் அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மவுஸ் பிடித்து விளையாடுவது எல்லாமே பாயிண்ட் அண்ட் கிளிக் தானே ஐயா? இவற்றுக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்?

இவற்றில் விரல் வேகத்துக்கு வேலை கிடையாது. ஒரு காட்சி வரும். கண்ணில் படுகிற பொருளைச் சொடுக்கிப் பார்க்கலாம், எடுத்து வைத்துக்கொள்ளலாம், இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கலாம். புதிர் அவிழ்ந்தால் கதை நகரும்.

ராபர்ட்டா வில்லியம்ஸும் கணவர் கென்னும் 1980-இல் உருவாக்கிய 'மிஸ்டரி ஹவுஸ்', அவர்களது சியரா நிறுவனம் 1984-இல் வெளியிட்ட 'கிங்ஸ் குவெஸ்ட்' இரண்டிலும் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. கல்லை நகர்த்த வேண்டும் என்று நமக்குத் தெரியும். அதற்கு நிரல் எதிர்பார்க்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடியே பொழுது போய்விடும். 1987-இல் 'மேனியாக் மேன்ஷன்' செய்த ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் திற, தள்ளு, இழு, எடு என்று வினைச்சொற்களைத் திரையின் அடியிலேயே அடுக்கிவைத்தார்கள். சொல்லைத் தேடும் தொல்லை ஒழிந்தது, புதிரை யோசிப்பது மட்டும் மிஞ்சியது. அதற்காக எழுதப்பட்ட 'ஸ்கம்' மென்பொருள்தான் அடுத்த பத்து ஆண்டுகள் அவர்களது லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனத்தின் சாகச விளையாட்டுகளைத் தாங்கியது.

சியராவா, லூகாஸ்ஆர்ட்ஸா? எங்கள் நண்பர்களுக்குள் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

நான் லூகாஸ்ஆர்ட்ஸ் பக்கம். 'கிங்ஸ் குவெஸ்ட் 5'-இல் ஒரு பூனை எலியைத் துரத்திக்கொண்டு ஓடும். அந்தச் சில நொடிகளுக்குள் பழைய பூட்ஸை எறிந்து எலியைக் காப்பாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால், பின்னால் நிலவறையில் உங்களைக் கட்டிப்போடும்போது கயிற்றைக் கடித்து அறுக்க எலி வராது. அதே விளையாட்டில் பசிக்கிறதே என்று பேக்கரி பலகாரத்தைத் தின்றுவிட்டால், மலையில் பனிமனிதன் எதிரே வரும்போது அவன் முகத்தில் எறிய ஒன்றும் இருக்காது. எங்கே தவறினோம் என்பதும் தெரியாது.

கில்பர்ட் இதையெல்லாம் எதிர்த்து 1989-இல் ஒரு கட்டுரையே எழுதினார். மறு ஆண்டு வந்த 'த சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' அந்தக் கொள்கையின் செயல்வடிவம். எதையும் தொடலாம், எங்கேயும் நுழையலாம். கதாநாயகன் கைபிரஷ் சாவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு: அவனைக் கடலுக்கடியில் கட்டிப்போட்ட பிறகு, நீங்கள் பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்! தண்டனைக்கு அஞ்சாதபோதுதான் மனம் துணிந்து யோசிக்கிறது. ஆனால் ராபர்ட்டா வில்லியம்ஸ் இல்லாமல் இந்தக் கலையே இல்லை என்பதையும் உங்கள் நண்பர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அண்ணா, 'மங்கி ஐலண்ட்'டில் வரும் அந்த வாள்சண்டை! அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதுங்கள்.

எத்தனை வேண்டுமானாலும் எழுதுவேன் தம்பி. வாளை வீசுவதால் யாரும் ஜெயிப்பதில்லை. எதிரி ஒரு வசை சொல்வான், அதை மடக்கும் பதிலை நீங்கள் சொல்ல வேண்டும். எசப்பாட்டு மாதிரிதான். பதில் தெரியாதா? தோற்றுப்போங்கள், அவன் சொன்ன வசையைக் கற்றுக்கொண்டு அடுத்தவனிடம் அதைச் சொல்லுங்கள், அவன் தரும் பதிலையும் கற்றுக்கொள்ளுங்கள். தோற்பதுகூட படிப்பாகிவிடும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்புதான். கடைசியில் வாள்வித்தைத் தலைவியிடம் போனால் அவள் வேறு வசைகளை வீசுகிறாள். உங்களிடம் இருப்பதோ பழைய பதில்கள். அவை புதிய வசைகளுக்கும் எப்படிப் பொருந்துகின்றன என்று பிடிபடும் கணத்தில் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

'மங்கி ஐலண்ட்' பெட்டியோடு ஒரு அட்டைச் சக்கரம் வந்ததே, அது எதற்கு?

திருட்டுப் பிரதியைத் தடுக்க. திரையில் தெரியும் கொள்ளையன் முகத்தை, மேல்பாதியும் கீழ்பாதியும் பொருந்தும்படி சக்கரத்தைச் சுழற்றி அமைத்தால், அவன் தூக்கிலிடப்பட்ட ஆண்டு ஒரு துளையில் தெரியும். அதைத் தட்டினால்தான் விளையாட்டு தொடங்கும்.

'மங்கி ஐலண்ட் 2'-இல் அருவியை நிறுத்த முடியாமல் ஒரு மாதம் தவித்தேன். விடை தெரிந்த பிறகும் புரியவில்லை. என்ன தர்க்கம் இது?

தவறு உங்களுடையது அல்ல. அமெரிக்க ஆங்கிலத்தில் ஒரு வகைத் திருகுக் கருவிக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். அதனால் பியானோ வாசிக்கும் குரங்கை வாழைப்பழத்தால் மயக்கி விறைக்கவைத்து, அந்தக் குரங்கையே ஸ்பேனராக்கி அருவியின் பம்பைத் திருகி மூட வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டே இராதவருக்கு இது எப்படித் தோன்றும்? சிலேடை அதன் மொழிக்குள்தான் உயிரோடு இருக்கும். காளமேகத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இவ்வளவு நன்றாக இருந்தவை ஏன் அழிந்தன? பூனைமுடி மீசைதான் காரணம் என்கிறார்களே?

1999-இல் வந்த 'கேப்ரியல் நைட் 3'-இல், பூனையின் முடியை டேப்பில் ஒட்டவைத்து எடுத்து மீசை செய்து, இன்னொருவராக வேடமிட வேண்டும். அந்த இன்னொருவருக்கு மீசையே கிடையாது! அவருடைய பாஸ்போர்ட் படத்திலும் மீசை வரைய வேண்டும். மோசமான புதிர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே விளையாட்டில் ஒரு பழைய கவிதையின் வரிகளை நிலப்படத்தில் வடிவங்களாக வரைந்து அவிழ்க்கும் புதிரும் இருக்கிறது. இந்தத் துறையிலேயே நான் கண்ட மிகச் சிறந்த புதிர்களில் அது ஒன்று. ஒரு மீசைக்காக, அதை வடிவமைத்த ஜேன் ஜென்சனின் முழு உழைப்பையும் கேலி செய்வது அநியாயம்.

உண்மைக் காரணம் சந்தை. 1993-இல் புதிர்களால் ஆன 'மிஸ்ட்', சுட்டுத்தள்ளும் 'டூம்' இரண்டுமே வந்தன. 'மிஸ்ட்' அறுபது லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் 'டூம்' காட்டிய வழியில் ஓடின. கையால் வரைந்த காட்சிகளுக்கும் நடிகர்களின் குரலுக்கும் ஆன செலவை இந்த விளையாட்டுகளால் ஈட்ட முடியவில்லை.

பழைய சிடிக்கள் பெட்டியில் கிடக்கின்றன. இன்றைய கணினியில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். 2001-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'ஸ்கம்விஎம்' இலவச மென்பொருள். சிடியில் உள்ள கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு அதற்குக் காட்டினால் போதும். கைவசம் சிடி இல்லாதவர்கள் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'யில் தொடங்கலாம். உரிமையாளர்களே அதை 2003-இல் இலவசமாக்கிவிட்டார்கள்.

என் மகளுக்குப் பதினொரு வயது. முதலில் எதைக் கொடுக்கலாம்? சிக்கிக்கொண்டால் உதவலாமா?

'டே ஆஃப் த டென்டகிள்' கொடுங்கள் அம்மா. 1993-இல் வந்தது, 2016-இல் புதுப்பித்திருக்கிறார்கள். மூன்று நண்பர்கள் ஒரே வீட்டில் மூன்று காலங்களில் சிக்கியிருப்பார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் பெட்டகத்தில் வைத்த ஒயின், நானூறு ஆண்டுகள் கழித்துத் திறப்பவருக்கு வினிகராகக் கிடைக்கும். காரணத்துக்கும் விளைவுக்கும் உள்ள உறவை இத்தனை மகிழ்ச்சியாகச் சொல்லித்தரும் வேறொன்றை நான் அறியேன்.

உதவியைத் தள்ளிப்போடுங்கள். எங்கள் காலத்தில் விடை பார்க்க இணையம் இல்லை. சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அந்தப் பூட்டிய கதவு மனத்திலேயே நிற்கும். திடீரென்று ஒரு காலையில் திறக்கும். அந்தக் காலை அவளுக்கும் கிடைக்கட்டும். மூன்று நாள் கழித்தும் முடியாவிட்டால், "பையில் இருப்பதை மறுபடி பார்த்தாயா?" என்று மட்டும் கேளுங்கள்.

'புரோக்கன் ஸ்வார்டு', அயர்லாந்துக் கோட்டை, ஆடு. இரண்டு வாரம் ஆகிறது. தயவுசெய்து விடையைச் சொல்லுங்கள்.

1996 முதல் பலரை முட்டித் தள்ளிய ஆடு அது. அதுவரை அந்த விளையாட்டில் எங்கேயும் அவசரம் தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. முழு விடையைச் சொல்ல மனம் வரவில்லை, மன்னியுங்கள். ஆடு முட்டட்டும். கீழே விழுந்த பிறகு ஆடு திரும்பிப் போகும் அந்த நேரத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் கிடக்கும் உழவுக் கருவியையும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், சொல்லிவிடுகிறேன்.