மாடு நொண்டுகிறதா? தொடுவதற்கு முன் நடக்கவிட்டுப் பாருங்கள்

குண்டடம் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "வணக்கமுங்க டாக்டர். போன வருசம் கட்டுத்தரைக்குச் சிமெண்ட் போட்டோம். ஒரு காங்கயம் மாடு, ரெண்டாம் ஈத்து ஜெர்சி கலப்பு ஒன்று, தையில் கன்று போடப்போகிற கலப்பினக் கிடாரி ஒன்று நிற்குதுங்க. காங்கயம் மாடு பகலில் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மேயும். மற்ற ரெண்டையும் கட்டியேதான் வைத்திருக்கிறோம். ஜெர்சி மாடு மூன்று வாரமாக நொண்டுது. தலையை ஆட்டி ஆட்டி நடப்பதால் முன்னங்கால் சப்பை இறங்கிவிட்டது, சூடு போட்டால் சரியாகும் என்கிறார்கள். ஊசி போட்டால் ரெண்டு நாள் தேவலை, அப்புறம் பழையபடிதான். எந்தக் கால், என்ன கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறதுங்க?"

முதலில் ஒன்று. சூடு போட வேண்டாம். எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் வேண்டாம். இந்த மாட்டுக்கு வலி எங்கே என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம், அதற்கு அரை மணி நேரம் போதும்.

சப்பை, அதாவது தோள், இறங்கியது என்ற பேச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நமக்குக் கழுத்துக்குக் கீழே காறை எலும்பு இருக்கிறது, தோளை உடம்போடு பிணைப்பது அதுதான். மாட்டுக்கு அது கிடையாது. முன்னங்காலுக்கும் விலாக்கூட்டுக்கும் நடுவில் எலும்பு மூட்டே இல்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே மாட்டின் நெஞ்சு தொட்டில் போல, வெறும் தசையில் தொங்குகிறது. முன்னங்கால் தரையில் ஊன்றும்போது வரும் அதிர்ச்சியை அந்தத் தசைத் தொட்டில் வாங்கிக்கொள்ளும். அங்கே தானாகக் கழன்று இறங்குவதற்கு எதுவுமில்லை. பெரிய அடி பட்டால் தோளில் காயம் வரலாம்தான், ஆனால் கட்டியே கிடக்கும் மாட்டுக்கு அப்படி வருவது அபூர்வம். பல வாரம் நொண்டிய மாட்டுக்குத் தோளிலோ தொடையிலோ சதை வற்றித் தெரியும். அதைப் பார்த்துத்தான் சப்பை இறங்கியது என்கிறார்கள். கீழே குளம்பு வலிக்க, காலை ஊன்றாமலே வைத்திருந்து வற்றிய சதை அது. நோயின் விளைவை நோயென்று எண்ணிச் சூடு போட்டால் மாட்டுக்குப் புதிதாக ஒரு புண்தான் மிஞ்சும்.

கலப்பின மாடு நொண்டினால் பத்தில் எட்டு ஒன்பது தடவை கோளாறு குளம்பில்தான் இருக்கும். அதிலும் பெரும்பாலும் பின்னங்காலில், அதிலும் வெளிப்பக்கக் குளம்பில். ஏன் என்று புரிந்தால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

மாடு நிற்பது விரல் நுனியில். நம் கையில் நடுவிரலும் மோதிர விரலும் எதுவோ, அந்த இரண்டு விரலின் நகங்கள்தான் அதன் இரட்டைக் குளம்பு. முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்வது உண்மையில் அதன் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்னோக்கி மடங்கும் முட்டு அதன் கணுக்கால். இப்படி விரல் நுனியில் நிற்பதால் கால் நீளமாகிறது, எட்டு வைக்கும் தூரம் கூடுகிறது. ஆனால் 400 கிலோ உடம்பும் எட்டு நகங்களின் மேல் வந்து இறங்குகிறது. நகத்துக்குள் கடைசி விரலெலும்பு இருக்கிறது, அதன் அடியில் கொழுப்பு மெத்தை. ஒவ்வொரு அடியிலும் அந்த மெத்தை நசுங்கி விரிந்து எலும்புக்கு அணைவு கொடுக்கும். மாடு மெலிந்தால் மெத்தையும் மெலியும். கன்று போடும் சமயத்தில், இடுப்பு எலும்புகள் விலகுவதற்காக உடம்பு முழுவதும் இணைப்புத் திசுக்கள் தளரும்போது, குளம்புக்குள் எலும்பைப் பிடித்துத் தாங்கும் பிடிப்பும் கொஞ்சம் தளர்கிறது. எலும்பு லேசாகக் கீழிறங்கி உள்ளங்குளம்பை அழுத்தும். கன்று போட்ட ஒன்றிரண்டு மாதத்தில் பல மாடுகள் நொண்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பின்னங்காலுக்குத் தசைத் தொட்டில் இல்லை. தொடை எலும்பு இடுப்புக் குழியில் உட்கார்ந்திருக்கிறது, இடுப்பு நேராக முதுகெலும்போடு பிணைந்திருக்கிறது. முன்னங்கால் உடம்பைத் தாங்குவதும் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதுமாக வேலை செய்கிறது, பின்னங்கால்தான் தள்ளுகிறது. தள்ளும் விசை, தரையின் எதிர்விசை எல்லாம் தணியாமல் குளம்புக்குப் போகும். பால் நிறைந்த பெரிய மடி இரண்டு தொடையையும் வெளியே தள்ளும்போது பாரம் வெளிக்குளம்புக்குச் சாய்கிறது. மண் தரையென்றால் குளம்பு கொஞ்சம் புதைந்து இரண்டு பக்கமும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். சிமெண்டில் பங்கு கிடையாது. வெளிக்குளம்பே வாங்கி வாங்கி, இன்னும் தடித்து வளர்ந்து, இன்னும் அதிகம் பாரம் வாங்கும்.

உங்கள் காங்கயம் மாட்டுக்கு ஏன் ஒன்றுமில்லை என்று இப்போது தெரிகிறதல்லவா? மடி சிறியது, குளம்பு கருத்து இறுகியது. பகலெல்லாம் கொறங்காட்டுச் சரளையில் கொழுக்கட்டைப் புல் தேடி நடப்பதால் குளம்பு மாதத்துக்கு சுமார் 5 மில்லிமீட்டர் வளர்ந்தாலும் அதே அளவு தேய்ந்துவிடுகிறது. நடை அதிகமானால் காலுக்கு இரத்த ஓட்டமும் அதிகம். ஜெர்சி மாடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் குளம்பு வளர்கிறது, தேய்வதில்லை. நுனி நீண்டால் பாரம் குதிப்பக்கம் சாயும், அங்கேதான் எலும்பின் பின்பக்க மேடு உள்ளங்குளம்பை அழுத்திப் புண்ணாக்குகிறது.

சரி, எந்தக் கால் என்று பார்ப்போம்.

காலையில் பால் கறந்தபின், மடி காலியாக இருக்கும்போது, சமமான கெட்டித் தரையில் ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்து மாட்டை நடத்தட்டும். கயிறு இறுகினால் தலை அசையாது, அப்புறம் ஒன்றும் தெரியாது. நீங்கள் பக்கவாட்டில் பத்துப் பதினைந்து எட்டு தள்ளி நின்று செல்போனில் மெதுவோட்ட வீடியோ எடுங்கள். கால் அசைவை வெறும் கண் பிடிக்காது. குதிரை ஓடும்போது நான்கு காலும் தரையை விட்டு எழும்புமா என்பதே நெடுங்காலம் வாக்குவாதமாக இருந்து, 1878-ல் அமெரிக்காவில் முய்பிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை நிறுத்திப் படம் எடுத்தபோதுதான் தீர்ந்தது. எழும்புகிறது, அதுவும் ஓவியர்கள் வரைந்ததுபோல் கால்களை முன்னும் பின்னும் நீட்டியிருக்கும்போது அல்ல, வயிற்றுக்கடியில் கூட்டியிருக்கும்போது. அன்று அவ்வளவு பாடுபட்டுக் கண்டதை இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனே காட்டும்.

வீடியோவில் முதலில் முதுகைப் பாருங்கள். நலமான மாட்டுக்கு நின்றாலும் நடந்தாலும் முதுகு மேசை போல நேராக இருக்கும். நிற்கும்போது நேராக இருந்து நடக்கும்போது மட்டும் வளைந்தால் நோவு ஆரம்பம். நிற்கும்போதே வளைந்திருந்தால் முற்றியிருக்கிறது. 1997 முதல் கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் 1 (நலம்) முதல் 5 (மிக மோசம்) வரையான நடை மதிப்பெண் இந்த முதுகு வளைவை வைத்துத்தான் போடப்படுகிறது. கண்ணுக்குத் தெரிய நொண்டும் மாடு 4-க்கு வந்துவிட்டது என்று அர்த்தம். நாம் எப்போதும் தாமதமாகத்தான் கவனிக்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அடுத்து கால்வரிசை. நிதானமாக நடக்கும் மாடு இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்று வைக்கும். முன்குளம்பு எடுத்த தடத்திலேயே பின்குளம்பு வந்து விழும். புழுதித் தடத்தில் இது அச்சாகத் தெரியும். நோகும் மாட்டுக்குப் பின்குளம்பு அந்தத் தடத்தை எட்டாது.

தலையாட்டல்தான் உங்கள் ஊர்க்காரர்களை ஏமாற்றியிருக்கிறது. முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது மாடு தலையை மேலே தூக்கும், பாரத்தைக் குறைப்பதற்காக. நல்ல கால் படும்போது தலை கீழே போகும். பின்னங்கால் வலித்தாலும் தலை ஆடும், ஆனால் காரணம் வேறு. நோகும் பின்னங்கால் தரையில் படும்போது தலையைத் தாழ்த்தி முன்னே நீட்டினால் பாரம் முன்பக்கம் போய்ப் பின்பக்கம் இலேசாகும். அதனால் தலை ஆடுகிறது என்பதை மட்டும் வைத்து முன்னங்கால் என்று சொல்ல முடியாது. மாட்டின் பின்னால் நின்றும் பாருங்கள். இரண்டு இடுப்பு முனையிலும் விரலால் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டு நடத்தினால் எந்தப் பொட்டு அதிகமாக ஏறி இறங்குகிறதோ, அந்தப் பக்கக் கால்தான் வலிக்கிறது. காதையும் பயன்படுத்துங்கள். சந்தையில் லாடம் அடிக்கும் ஒரு பெரியவரிடம் நான் கற்றுக்கொண்டது இது. தார் ரோட்டில் நடக்கும்போது நல்ல கால் 'டொக்' என்று அழுத்தி விழும், நோகும் கால் சத்தம் குறைந்து விழும். கண்ணை மூடிக்கொண்டே அவர் கால் எண்ணிச் சொல்வார்.

கால் தெரிந்ததும் அந்தக் குளம்பை நன்றாகக் கழுவித் துடைத்துப் பாருங்கள். குளம்புக்கு மேலே இரண்டு பக்கமும் ஒரேபோல் வீங்கி, நடுவிடுக்கில் அழுகல் நாற்றமும் காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்று, ஊசிக்குக் கேட்கும். உங்கள் மாட்டுக்கு ஊசி நிற்கவில்லை என்பதால், உள்ளங்குளம்பில் குதியை ஒட்டிய இடத்தில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ கறை, அழுத்தினால் காலை இழுப்பது, இதைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். இதற்கு வலி ஊசி மட்டும் போட்டால் வலி மறந்து மாடு அதே புண்ணில் பாரம் கொடுக்கும். கால்நடை மருத்துவரை வைத்துக் குளம்பைச் சீவி, நல்ல பாதிக்குளம்பின் அடியில் மரக்கட்டை ஒட்டச் சொல்லுங்கள். புண்ணான பாதி தரையைத் தொடாமல் ஒரு மாதம் ஓய்வெடுக்கும். காலுக்கு இரண்டு குளம்பு இருப்பதில் மாட்டுக்கு உள்ள பெரிய வசதி இது, குதிரைக்கு இது கிடையாது. வீட்டில் நீங்களே அரிவாளால் சீவ வேண்டாம். உள்ளங்குளம்பின் கனமே அரை சென்டிமீட்டர், சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

தரையை உடைக்கத் தேவையில்லை. மாடு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். படுத்திருக்கும் நேரமெல்லாம் குளம்புக்கு ஓய்வு. கெட்டித் தரையில் படுக்கப் பயந்து நின்றே கிடப்பதுதான் பாதி சேதம். ரப்பர் மெத்தை போடுங்கள், அல்லது பின்புறம் மண் கொட்டிய ஒரு பட்டி அடைத்து இரவில் அவிழ்த்து விடுங்கள். கயிற்றின் நீளத்தையும் கவனியுங்கள். குதிரை முன்னங்காலை ஊன்றி எழும், மாடு முன்முட்டியில் நின்று தலையை முன்னே வீசிப் பின்புறத்தைத் தூக்கி எழும். தலை வீச ஒரு முழத்துக்கு மேல் இடம் வேண்டும். தீவனக் காடியை ஒட்டிக் குட்டையாகக் கட்டிய மாடு எழ முடியாமல் சறுக்கும், அதனால் படுக்கவே தயங்கும். தரையில் நீர் தேங்கினால் குளம்பு ஊறி இளகும். தினம் கழுவுங்கள், உடனே தள்ளிக் காயவிடுங்கள்.

தீவனத்தில் ஒன்று. விசேஷ வீட்டில் மிஞ்சிய சோற்றை மொத்தமாகக் காட்டிவிடாதீர்கள். வயிற்றில் அமிலம் ஏறி, குளம்புக்குள் இருக்கும் உயிர்ச்சதை கெட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து நொண்டல் வரும். அதற்குள் சோறு வைத்ததே மறந்திருக்கும்.

இளம் மாடு திடீரென்று நொண்டி, காய்ச்சலோடு தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்றால் அது சப்பை நோய் என்ற கிருமி நோய். சப்பை இறங்குவது என்று ஊரில் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாயில் கொப்புளம், எச்சில் ஒழுகல், ஒன்றுக்கு மேற்பட்ட கால் நொண்டல் என்றால் கோமாரி. இரண்டுக்கும் அன்றே மருத்துவரைக் கூப்பிட வேண்டும், நடை பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

கடைசியாக அந்தக் கிடாரி. அதன் கொழுப்பு மெத்தை இன்னும் முழுதாக வளரவில்லை, முதல் ஈத்து வேறு. கார்த்திகை பிறந்ததுமே அதைச் சிமெண்டிலிருந்து எடுத்து மண் பட்டியில் விட்டுவிடுங்கள். காலையில் காங்கயம் மாட்டோடு கொறங்காட்டுக்கும் போய் வரட்டும். கன்று போட்ட பிறகும் இரண்டு மாதம் அங்கேயே இருக்கட்டும்.