கணக்கு வராத பிள்ளையும் பரம்பரையும்: பெற்றோர் கேள்விகளுக்கு ஓர் ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): எனக்கும் என் கணவருக்கும் பள்ளியில் கணக்கு வரவில்லை. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் தடுமாறுகிறான். இது பரம்பரைதானா?

பதில்: பரம்பரைக்குப் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை, அம்மா. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரையும், தனித்தனிக் கருவாக உருவான இரட்டையரையும் ஒப்பிட்டு இதை அளக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 முதல் 1996 வரை பிறந்த இரட்டையரை ராபர்ட் பிளோமின் குழுவினர் பின்தொடர்ந்தபோது, பள்ளிப் பிள்ளைகளின் கணிதத் திறனில் காணும் ஏற்றத்தாழ்வில் பாதியோ அதற்கு மேலோ மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து வந்தது. ஆனால் அது ஒரு கூட்டத்துப் பிள்ளைகளுக்கு இடையிலான வேறுபாட்டின் அளவே தவிர, உங்கள் மகனின் கணக்கில் பாதி உங்களிடமிருந்து வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர் ஒரே சீராகப் பாயும் வயலில் மஞ்சள் செடிக்குச் செடி வேறுபட்டால் விதை மஞ்சளைக் காரணம் சொல்லலாம். தண்ணீர் எட்டாத மேட்டு நிலத்துப் பயிர் வாடினால் அதற்கு விதையைக் குறை சொல்ல முடியுமா? "நம் குடும்பத்துக்கே கணக்கு வராது" என்று மட்டும் அவன் காதுபடச் சொல்லாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): ராமானுஜன் நம் ஊரில் பிறந்தவர். அத்தகைய மேதைக்கென்று தனி மரபணு உண்டா?

பதில்: இல்லை. மிகச் சிறிய விளைவுடைய ஏராளமான மரபணு வேறுபாடுகள் சேர்ந்தே கணிதத் திறனைப் பாதிக்கின்றன. அவற்றுள் பல வாசிப்புத் திறனுக்கும் பொதுவானவை. 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். பதினாறு வயதளவில் ஒரு கணிதத் தொகுப்பு நூல் அவர் கைக்குக் கிடைத்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி (நாமக்கல்): இரண்டாம் வகுப்பு மகளுக்குத் தினமும் இரவில் நானே கணக்குச் சொல்லித் தருகிறேன். எனக்கே கணக்கென்றால் பயம். இருவருக்கும் அழுகையில்தான் முடிகிறது.

பதில்: உங்கள் அக்கறையில் குறை இல்லை. ஆனால் அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், கணக்குப் பயம் மிகுந்த பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய பிள்ளைகளே அந்த ஆண்டில் குறைவாகக் கற்றார்கள். அதே பயமுள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு காணப்படவில்லை. சிறிது காலம் பாடத்தை ஆசிரியரிடம் விட்டுவிட்டு, அடுத்த பதிலில் உள்ள விளையாட்டை ஆடிப் பாருங்கள்.

கேள்வி (பல்லடம்): இருவரும் தறி வேலைக்குப் போகிறோம். டியூஷனுக்கு வசதி இல்லை. ஐந்து வயது மகனுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: சீக்லர், ராமணி இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகள் 1 முதல் 10 வரை எண் வரிசையிட்ட கட்டத்தில் இரண்டு வாரத்துக்குள் நான்கே முறை, முறைக்குக் கால்மணி நேரம் விளையாடினார்கள். அவர்களுடைய எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. ஒன்பது வாரம் கழித்தும் அது குறையவில்லை. எண்ணுக்குப் பதிலாக நிறம் தீட்டிய கட்டத்தில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. இதற்குப் பணம் வேண்டாம்: திண்ணையில் சுண்ணாம்புக் கட்டியால் வரிசையாகக் கட்டம் போட்டு எண்களை எழுதி, ஒரு பக்கம் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகளை உருட்டி, வெள்ளை மேலே விழுந்தவற்றை எண்ணிக் காய் நகர்த்தச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். காய் நான்கில் நிற்கும்போது மூன்று விழுந்தால், பிள்ளை "ஒன்று, இரண்டு, மூன்று" என்றுதான் நகர்த்துவான். அவன் விரலைப் பிடித்துக் கட்டத்தில் உள்ள எண்ணையே தொட்டு, "ஐந்து, ஆறு, ஏழு" என்று அவனோடு சேர்ந்து சொல்லுங்கள்.